உடையாமல், கெடாமல் முழுசாக இருப்பதற்கு என்ன சொல்லலாம்? (காட்சிக் குறிப்புக்கு உதவி வேண்டும்)

லெபுபாசார்வாசி (பினாங்கு)

எல்லோருக்கும் வணக்கம். ஜார்ஜ்டவுனில் பழைய கிட்டங்கி ஒன்றில் கிடைத்த சாமான்களைச் சின்னக் காட்சியாக வைக்கிறோம். ஆங்கிலக் குறிப்பு தயார். தமிழ்க் குறிப்பு என் பொறுப்பு. பொருள்கள் இவை: பீங்கான் ஊறுகாய் ஜாடி, கணக்குப் பேரேடு, மரத்தாலான கைப்பெட்டி, அரிக்கேன் விளக்கின் கண்ணாடி, அரிசி அளக்கிற பித்தளைப் படி. ஐந்துக்கும் ஆங்கிலத்தில் 'இன்டாக்ட்' என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது பொருந்திவிடுகிறது. தமிழில் எதைப் போட்டாலும் ஒன்றுக்குச் சரியாக வருவது இன்னொன்றுக்கு உதைக்கிறது.

'முழுமையான ஜாடி' என்றால் ஜாடியைச் செய்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம் வருகிறது. 'சேதமடையாத ஜாடி' என்றால் காப்புறுதிப் படிவத்தின் நடை. 'பத்திரமான ஜாடி' என்றால் யாரோ பூட்டி வைத்த மாதிரி.

இதில் அக்கறை காட்டக் காரணம் உண்டு. 2008 ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலுக்கான விதிகளில் 'இன்டெக்ரிட்டி' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓர் இடம் எவ்வளவு முழுசாக, எவ்வளவு குலையாமல் இருக்கிறது என்பதற்கான அளவு அது. அகராதியைப் புரட்டிவிட்டு அதை 'நேர்மை' என்று எழுதினால் ஊரே நல்லவர்கள் ஊர் என்று ஆகிவிடும். நாம் குடியிருக்கிற ஊரைப் பற்றிய சொல் அது. நம் மொழியில் சரியாக இருக்க வேண்டாமா?

அச்சுக்கோப்பு (செராஸ்)

தம்பி, பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செய்தி எழுதும்போது எங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. மனிதர் என்றால் காயம், பொருள் என்றால் சேதம். பேருந்து கவிழ்ந்தால் 'பயணிகள் காயமின்றித் தப்பினர்'. கடையில் தீப்பிடித்தால் 'பொருட்சேதம்'. உயிர் போனால் மட்டும் 'உயிர்ச்சேதம்' என்று சேதம் மனிதருக்கும் வரும். மானம், விரதம், நல்ல பெயர் என்றால் பங்கம் அல்லது களங்கம். உறவு என்றால் விரிசல். யாரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, ஆனால் மாற்றி எழுதினால் மேசையிலிருந்து தாள் திரும்பி வந்துவிடும்.

ஐந்து பொருளுக்கும் 'சேதமின்றி' போதும் என்பது என் கருத்து. சுருக்கமான சொல், எல்லோருக்கும் புரியும்.

செந்தூல்அக்கா

ஐயா சொல்வது செய்திக்குச் சரி. பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிற குறிப்புக்குப் போதாது என்று நினைக்கிறேன்.

நம் ஆட்கள் பேசுவதைக் கவனியுங்கள். ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல, அதற்கு என்ன ஆகியிருக்கலாமோ அதைச் சொல்லி, 'ஆகவில்லை' என்று முடிக்கிறோம். கண்ணாடி என்றால் கீறல் விழாதது, விரிசல் விடாதது. மரம் என்றால் உளுக்காதது. ஏடு என்றால் செல்லரிக்காதது. துணியாக இருந்தால் நைந்துபோகாதது, இழை பிரியாதது, சாயம் போகாதது. கயிறு புரி அறாதது. பித்தளை நசுங்காதது, களிம்பு ஏறாதது. சோறு ஊசாதது, பால் திரியாதது, பூ வாடாதது. பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் கசங்காமல் இருக்கிறது என்போம். கல்யாணப் பெண்ணைக் காரில் கூட்டி வந்தால் மேனி நலுங்காமல் வந்து சேர்ந்தாள் என்போம். 'நலுங்காமல்' என்பதை ஜாடிக்குச் சொல்ல முடியுமா? முடியாது. பூவுக்கும் மேனிக்கும் மட்டும்தான்.

அப்புறம் மட்பாண்டத்துக்கும் பீங்கானுக்கும் ஒரு தனிச்சொல் இருக்கிறது: மூளி. வாய் விளிம்பில் சில்லு பெயர்ந்த பானை மூளிப்பானை. தோடு இல்லாத காதும் மூளிக்காதுதான். உங்கள் ஜாடிக்கு 'விளிம்பு மூளியாகாத ஜாடி' என்று எழுதினால், பழைய ஆட்கள் குனிந்து விளிம்பைத்தான் பார்ப்பார்கள். 'சேதமின்றி' அவர்களைக் குனிய வைக்காது.

அதனால் ஐந்துக்கும் ஐந்து வினை போடுங்கள். தமிழில் அதுதான் இயல்பு. எதனிடமிருந்து தப்பித்தது என்று சொல்லாமல் வெறுமனே முழுசு என்று சொன்னால் வாக்கியம் பாதியில் நிற்கிறது.

லெபுபாசார்வாசி (பினாங்கு)

அக்கா, நன்றி. மூளி என்ற சொல்லை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுத்தில் போடலாம் என்று தோன்றவே இல்லை.

ஆனால் காட்சியின் தலைப்புக்கு எல்லாவற்றையும் மூடுகிற ஒரு சொல் வேண்டும். அதற்கு என்ன செய்வது?

குருக்கள்வீட்டுப்பிள்ளை (பினாங்கு)

தலைப்புக்கு அட்சதம் என்று வைக்கலாம். நம் எல்லோர் தலையிலும் விழுந்த சொல்தான். அ + க்ஷதம். க்ஷதம் என்றால் காயம், உடைவு. அது இல்லாதது அட்சதை. அதனால்தான் அதற்கு முனை முறியாத பச்சரிசி கேட்கிறோம். மஞ்சள் தடவிவிட்டால் எந்த அரிசியும் அட்சதை ஆகிவிடாது. நொய், குருணை சேர்ந்தால் சொல்லுக்கே பொருள் போய்விடும்.

அட்சயத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அட்சயம் வேறு: அ + க்ஷயம், தேயாதது, குறையாதது. காசநோய்க்கு க்ஷயரோகம் என்ற பெயர் வந்ததும் உடம்பு தேய்ந்துகொண்டே போவதால்தான். ஆக, அட்சயம் அளவைப் பற்றியது, அட்சதம் உடம்பைப் பற்றியது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அட்சயம். அந்தப் பாத்திரத்தில் ஓட்டை விழாமல் இருப்பது அட்சதம்.

எதிர்ச்சொல்லும் கோயிலில் உண்டு: பின்னம். சிலையில் விரலோ மூக்கோ ஒடிந்தால் 'பின்னமாகிவிட்டது' என்போம். பின்னமான மூர்த்தியைப் பூசையில் வைக்கக் கூடாது என்பது ஆகம மரபு. திருப்பணி நடக்கும்போது மூர்த்தியின் சக்தியைப் பாலாலயம் என்கிற தற்காலிகச் சன்னதிக்கு மாற்றி வைத்து, வேலை முடிந்த பிறகு கும்பாபிஷேகம் செய்து திரும்பச் சேர்ப்பார்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று வைத்திருப்பதன் நோக்கமே உடைந்த பிறகு பார்க்காமல், உடைவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதுதான். லெபு குவீன் மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. பராமரிக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு இருக்குமா?

பிறைடீச்சர்

அட்சதம் அழகான சொல். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளைக் காட்சிக்கு அழைத்து வந்தால் ஒருவருக்கும் புரியாது. தலைப்பைப் படித்ததும் விளங்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் மலாய்க் குறிப்புக்கோ ஆங்கிலக் குறிப்புக்கோ போய்விடுவார்கள். நான் கண்ணால் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

முனை முறியாத அரிசி என்ற விஷயத்தை மட்டும் எங்காவது எழுதுங்கள். அதை அவர்களுக்கு விளக்க முடியும். நம் கடைகளில் விற்கிற அரிசிப் பையில் 'சூப்பர் தெம்பாத்தான் 5%' என்று போட்டிருக்கிறது அல்லவா, அந்த 5 விழுக்காடு உடைந்த அரிசியின் பங்கு. அந்த எண் கூடக்கூட நொய் அதிகம். அரிசி வாங்குகிற ஒவ்வொரு வீடும் முழுசுக்கும் நொய்க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கிறது. பிள்ளைகள் அந்தப் பையைத் தினமும் பார்க்கிறார்கள்.

கித்தாக்காடு (காஜாங்)

சில நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். ஒன்று சொல்ல வேண்டும்.

நான் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் எல்லோரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவியவர்கள். அங்கே வெட்டு என்பதும் காயம் என்பதும் ஒன்று கிடையாது. பால் பட்டையில் இருக்கிறது. பால் குழாய்கள் மரத்தை ஒட்டிய உள்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கும். அதனால் கத்தி ஆழமாகப் போக வேண்டும். ஆனால் மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. நடுவில் விடுகிற பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விடிவதற்கு முன்னால், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு மரம் விடாமல் நெரை (மர வரிசை) முழுக்க அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையால் உணர்ந்து வெட்ட வேண்டும். விடியற்காலையில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில்தான் குழாய்களில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும்.

கத்தி மரத்தைத் தொட்டால் அதுதான் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சுத்தமாக வெட்டிய இடத்திலோ புதுப்பட்டை வழவழவென்று ஏறி, சில வருஷம் கழித்து அதையே மறுபடி வெட்டலாம். ஒரு மரத்தைப் பார்த்து 'காயம் இல்லாத மரம்' என்று பெரியவர்கள் சொன்னால், அது கத்தி படாத மரம் என்று அர்த்தமில்லை. தினம் கத்தி பட்டும் கெடாத மரம். அந்த மரம் வெட்டியவருடைய கையின் பெருமை அது.

உங்கள் கிட்டங்கிச் சாமான்களும் புழங்கிய சாமான்கள்தானே? படியில் தேய்மானம் இருக்கும், கைப்பெட்டியில் கை பட்டு மெருகு ஏறியிருக்கும். 'கைபடாத', 'புத்தம்புதிய' என்ற பக்கம் குறிப்பு சாய்ந்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். அந்தப் பெட்டியைத் திறந்து மூடிய கைகளை நாம் மறைப்பதாகிவிடும்.

அச்சுக்கோப்பு (செராஸ்)

கித்தாக்காடு எழுதியதற்கு எழுந்து நின்று கும்பிடுகிறேன். என் அம்மாவும் மரம் வெட்டியவர்.

தழும்பு இருந்தால் முழுசு இல்லை என்பது நம் மரபில் கிடையாது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் அம்மன் தழுவியதில் குழைந்தார் என்பது தலபுராணம். அந்தத் தழும்போடுதான் அவருக்குத் தழுவக்குழைந்தார் என்று பெயர். பின்னம் வேறு, தழும்பு வேறு என்று குருக்கள்வீட்டுப்பிள்ளையும் ஒத்துக்கொள்வார் என நம்புகிறேன்.

இன்னொன்று. நியூசிலாந்தில் தமிழ் எழுத்து பொறித்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் கோலென்சோ என்ற பாதிரியார் மாவோரி மக்களிடம் அதைப் பார்த்தபோது அதில் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். மணி முழுசாக இல்லை, மேல்பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்கிற எழுத்து அப்படியே இருக்கிறது. நம் கடல்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கப்பல் ஓட்டியதற்கு அது சாட்சி. மணி மூளி, வாசகம் முழுசு. இதை 'சேதமின்றி' என்ற ஒரு சொல்லால் சொல்ல முடியாது. செந்தூல்அக்கா பக்கம் நானும் வந்துவிட்டேன்.

குருக்கள்வீட்டுப்பிள்ளை (பினாங்கு)

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. உறுப்புக் குறைந்தால்தான் பின்னம். தேய்ந்தால் பின்னமில்லை. அபிஷேகத்தில் தேய்ந்து முகமே மழுங்கிய அம்மன்களை நாம் தினமும் கும்பிடுகிறோம்.

லெபுசூலியாக்காரர் (பினாங்கு)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கப்பல் மணியைப் பற்றி எழுதிய ஐயாவுக்கு நன்றி.

எங்கள் வீடுகளில் 'சலாமத்தாக வந்து சேர்ந்தார்' என்பது சாதாரணப் பேச்சு. கப்பல் ஏறிப் போனவர்களுக்காகக் கேட்கிற துஆவும் அதுதான். அந்த அரபு வேரில் ஊனமின்மை, பத்திரம் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. மலாய்க்காரர்கள் 'செலாமாட் ஜாலான்' என்பதும் அதே வேர்தான். சாலையில் அந்த வார்த்தையைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் 'காயமில்லாமல் போய்ச் சேருங்கள்' என்று யாரோ வாழ்த்துகிறார்கள். தமிழில் அதற்கு ஈடு 'பத்திரமாகப் போய் வா'. அந்தப் பத்திரம் சொத்துப் பத்திரமல்ல. பத்ரம், அதாவது நலம், மங்கலம்.

ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி ஆட்டுக்குக் கண் குருடாகவோ கால் ஊனமாகவோ நோயாகவோ இருக்கக் கூடாது என்று மார்க்கம் சொல்கிறது. என் கிறிஸ்தவ நண்பர் அவர்களுடைய வேதத்தில் பஸ்கா ஆட்டுக்குட்டி 'பழுதற்றது' என்று வருவதைச் சொன்னார். பழுதற்ற என்றால் அவருக்கு அந்த ஆடுதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே உயிருள்ளவற்றுக்குப் பழுதற்ற நன்றாகப் பொருந்துகிறது. ஜாடிக்குப் போட்டால் கொஞ்சம் கனமாக இருக்கும்.

மஸ்ஜித்இந்தியா_பொன்வேலை (கோலாலம்பூர்)

எங்கள் தொழிலில் சேதாரம் என்றால் நகை செய்யும்போது அராவுகிறதிலும் உருக்குகிறதிலும் போகிற பொன். அது தவிர்க்க முடியாதது, அதனால்தான் கணக்கில் எழுதுகிறோம். 'சேதாரம் இல்லாமல்' என்று மக்கள் இப்போது விபத்துக்கெல்லாம் சொல்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் பேரேடு வைத்திருந்த கிட்டங்கிச் சாமானுக்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள். கணக்குத் தெரிந்தவர்கள் படித்தால் பொன் கணக்கு என்று நினைப்பார்கள்.

லெபுபாசார்வாசி (பினாங்கு)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சிக்கல் பாக்கி. கைப்பெட்டியின் கீல் மாற்றப்பட்டிருக்கிறது. எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் புதுக்கீல். அதையும் முழுசு என்று சொல்லலாமா? குழுவில் ஒருவர் கூடவே கூடாது என்கிறார். இன்னொருவர், இந்த ஊரில் எந்தக் கடைவீடு அப்படிப் பார்த்தால் தேறும் என்கிறார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே பழைய கடைவீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே இழுத்தாலும் வெளியே விட்டுவிடும். அது உதிர்வதற்கென்றே பூசுகிற பூச்சு. சில காலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் சிமெண்டு பூசியவர்கள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டார்கள். பூச்சு கெட்டியாக நின்றது, உள்ளே செங்கல் மாவாகப் போனது. திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு பூசிய வீடுதான் இன்றைக்கு அஞ்சடியோடு (முன்வாசல் நடைபாதை), ஓட்டோடு நிற்கிறது.

செந்தூல்அக்கா

இதற்குத்தான் 'உருப்படி' என்ற சொல்லைக் காத்துக்கொண்டிருந்தேன். உருப்படியாக இருக்கிறது என்றால் உரு கெடாமல், பயன்படுகிற மாதிரி இருக்கிறது என்று பொருள். உருக்குலையாமல், கட்டுக்குலையாமல், சீர்குலையாமல், நிலைகுலையாமல் என்று இதற்கு ஒரு குடும்பமே உண்டு. எல்லாவற்றிலும் குலைதல்தான் பயம். குலைதல் என்றால் கட்டு அவிழ்வது. ஒரு துண்டு போய் இன்னொரு துண்டு வந்தாலும் கட்டு நின்றால் அது குலையவில்லை. எழுபது வயதில் பல் கட்டிக்கொண்ட பெரியவரை நாம் கட்டுக்குலையாத உடம்பு என்று சொல்வதில்லையா?

யுனெஸ்கோ சொல்லுக்கும் இதிலிருந்து 'குலையாமை' என்று எடுக்கலாம் என்று தோன்றுகிறது. தனிக்கட்டடத்துக்கும் பொருந்தும், தெருவுக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும். பிள்ளைகளுக்கும் புரியும்.

கீல் மாற்றியதை ஒளிக்காதீர்கள். 'கீல் புதிது' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதிவிட்டால் பெட்டி உளுக்காத பெட்டி என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிறைடீச்சர்

குலையாமை நன்றாக இருக்கிறது. தேர்வுத்தாளில் வந்தால்கூட மாணவர் யூகித்துவிடுவார். 'கேடில் விழுச்செல்வம்' என்ற குறளைப் படித்தவர்களுக்குக் கேடின்மையும் புரியும். ஆனால் கட்டடத்துக்குக் குலையாமைதான் பொருத்தம்.

ஊழியர் சேமநிதி என்று எல்லோர் வாயிலும் புழங்குகிற சேமமும் இந்தக் கூட்டத்துச் சொல்தான். க்ஷேமம். சம்பளத்தில் பிடித்த பணம் கேடு வராமல் இருக்கட்டும் என்பதுதான் அந்தப் பெயரில் இருக்கிறது. ஓய்வு பெறும்போது கைக்கு வருகிற தொகையை நாம் 'சுளையாக வந்தது' என்கிறோம் பாருங்கள். பலாச்சுளையைக் கிழியாமல் எடுத்த மாதிரி பிசிறில்லாமல் வந்த பணம்.

லெபுபாசார்வாசி (பினாங்கு)

இப்படி எழுதியிருக்கிறேன். தலைப்பு: 'குலையாமல் நம் கைக்கு வந்தவை'.

ஜாடி: விளிம்பு மூளியாகாத பீங்கான் ஜாடி. மூடியும் அதனுடையதே.

பேரேடு: செல்லரிக்காமல், ஏடு கழலாமல் கிடைத்த வரவு செலவுப் பேரேடு.

கைப்பெட்டி: உளுக்காத மரக் கைப்பெட்டி. கீல் புதிது.

விளக்குக் கண்ணாடி: விரிசல் விடாத அரிக்கேன் கண்ணாடி. கரி படிந்த இடம் துடைக்கப்படவில்லை.

படி: களிம்பு ஏறாத பித்தளைப் படி.

அரிசி விஷயத்தைப் படிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அட்சதையும் இன்னொன்றில் நொய்யும் வைத்துக் காட்டப் போகிறோம். டீச்சர் யோசனைதான்.

கித்தாக்காடு (காஜாங்)

கரியைத் துடைக்காமல் விட்டது ரொம்பச் சரி தம்பி.

மஸ்ஜித்இந்தியா_பொன்வேலை (கோலாலம்பூர்)

படிக்கு மட்டும் மாற்றுங்கள். களிம்பு பிரச்சினையே இல்லை, புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். படிக்கு ஆபத்து நசுங்கல். பக்கத்தில் ஒரு இடம் உள்ளே போனால் அந்த அளவுக்கு அரிசி குறையும். விளிம்பு வளைந்தால் தலை தட்டி அளக்கவே முடியாது, அரிசியை வழித்துவிடுகிற கட்டை ஒரு பக்கம் தூக்கும். கடன் கொடுத்து வாங்கிய இடத்தில் நசுங்கின படி இருந்தால் அது வெறும் பழைய சாமான் ஆகாது, ஏமாற்றின சாமான் என்று ஆகிவிடும். ஆகவே 'நசுங்காத, விளிம்பு வளையாத பித்தளைப் படி' என்று எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் விளிம்பைச் சமதளமான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். இடுக்கில் தாள் நுழையாவிட்டால் அந்த வார்த்தையைத் தாராளமாகப் போடலாம்.